சங்கிலி போட முடியாத மிருகம்: நாய் பழக்குதலின் நூறு வருசக் கதை

நாயைப் பழக்குறது எண்டால் எங்கட ஆக்களுக்கு முதலில ஞாபகத்துக்கு வாறது சங்கிலியும் தடியும்தான். சொல்வழி கேட்காத நாய்க்கு ஒரு இழுப்பு, அதுக்கும் கேட்காவிட்டால் ஒரு அடி. "அடியாத மாடு படியாது" எண்டு பழமொழியும் கைவசம் இருக்கு. ஆனால் இப்ப யூரியூப்பில் நாய்ப் பயிற்சி எண்டு தேடினால் வருவது வேற காட்சி. பயிற்சியாளரின் இடுப்பில் ஒரு சின்னப் பை, அதுக்குள் கோழி இறைச்சித் துண்டுகள். கையில் "டிக்" எண்டு சத்தம் போடும் ஒரு சின்னப் பெட்டி. நாய் இருந்தால் ஒரு டிக், ஒரு துண்டு இறைச்சி. கூப்பிட்டவுடன் ஓடி வந்தால் ஒரு டிக், ஒரு துண்டு. ஏச்சும் இல்லை, அடியும் இல்லை.

இதைப் பார்த்து "வெள்ளைக்காரரின்ர செல்லம்", "இந்தக் காலத்துப் பாஷன்" எண்டு சிரிக்கிற ஆக்கள் இருக்கினம். வரலாற்றைத் தேடிப் போனால் விசயம் அப்படி இல்லை. இந்த முறையின் அடிப்படை 1940களிலேயே தெரிந்திருந்தது. 1951இல் யாரும் வாங்கி வாசிக்கக்கூடிய ஒரு சஞ்சிகையிலும் அது வெளிவந்துவிட்டது. ஆனால் சாதாரண வீட்டு நாய்களிடம் வந்து சேர அதுக்குப் பிறகு நாற்பது வருசம் எடுத்தது. ஏன் இவ்வளவு தாமதம்?

பொலிஸ் நாயில் இருந்து வீட்டு நாய்க்கு

நவீன நாய்ப் பயிற்சியின் கதையை வழக்கமாக ஜேர்மனியில் இருந்து தொடங்குவார்கள். கொன்ராட் மோஸ்ட் எண்ட பொலிஸ் அதிகாரி 1910இல் நாய் பழக்குவது பற்றி ஒரு கைநூல் எழுதினார். பொலிசுக்கும் இராணுவத்துக்கும் நாய்களைத் தயார்படுத்திய மனிதர் அவர். சொன்னதை நாய் செய்யவேண்டும், செய்யாவிட்டால் அதுக்கு வலிக்கவேண்டும் என்பது அவருடைய முறையின் பெரும்பகுதி. பிரம்பும் முள்ளுப்பட்டியும் அதில் சாதாரண கருவிகள். அதேநேரம் மோஸ்ட் கூர்ந்து கவனிக்கத் தெரிந்தவர். நாய்க்கு மனிதரைப்போல் நீதி, கடமை எண்ட எண்ணங்கள் இல்லை, ஒரு செயலுக்கு உடனே பின்னால் வரும் விளைவில் இருந்துதான் அது கற்கிறது என்பதை அவர் அப்பவே விளங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். 1933இல் ஹெலன் வைட்ஹவுஸ் வோக்கர் எண்ட பெண்மணி நியூயோர்க்குக்குக் கிட்ட நாய்களுக்கான ஒரு கீழ்ப்படிதல் போட்டியை நடத்தினார். அவரோடு வேலை செய்த பிளான்ச் சோன்டர்ஸ், வீட்டு நாய் வைத்திருப்பவர்களைக் கூட்டமாகச் சேர்த்து வகுப்பு எடுப்பதைப் பரப்பினார். 1946இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே, உங்கள் நாயைப் பழக்க உங்களைப் பழக்குகிறேன் எண்ட அர்த்தத்தில் இருந்தது. நாயைப் பயிற்சியாளரிடம் அனுப்பிவைப்பதை விட்டு, சொந்தக்காரரையே வகுப்புக்கு வரச் சொன்னது ஒரு பெரிய மாற்றம். ஆனால் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை பெரிதாக மாறவில்லை. கழுத்தை இறுக்கும் சங்கிலியை ஒரு வெட்டு வெட்டி இழுப்பது, பிறகு தடவிப் பாராட்டுவது. அவ்வளவுதான்.

இந்த வழியின் உச்சம் வில்லியம் கோலர். உலகப்போரில் இராணுவ நாய்களைப் பழக்கி, பிறகு டிஸ்னி படங்களுக்கு நாய்களைப் பழக்கியவர். 1962இல் வந்த அவருடைய புத்தகம் பல தலைமுறைப் பயிற்சியாளர்களுக்கு வேதம் மாதிரி இருந்தது. முற்றத்தில் குழி தோண்டுகிற நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், அந்தக் குழியில் தண்ணீரை நிரப்பி நாயின் தலையை அதுக்குள் அமத்துவது. கோலரை ஒரு கொடுமைக்காரர் எண்டு ஒதுக்கிவிட்டுப் போகவும் ஏலாது. அவருடைய முறையில் ஆயிரக்கணக்கான நாய்கள் பழகின, சொன்னதைக் கேட்டன. வேலை செய்கிற ஒரு முறையை யாரும் சும்மா கைவிடமாட்டினம்.

மாவு ஆலையில் புறாக்கள்

இதே காலத்தில் இன்னொரு பாதை தனியாகப் போய்க்கொண்டிருந்தது. 1898இல் எட்வர்ட் தோர்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்து, அவை எப்படித் தப்பி வெளியே வரக் கற்கின்றன எண்டு அளந்தார். நல்ல விளைவு தரும் செயலை மிருகம் திரும்பச் செய்யும் என்பதுதான் அவர் கண்ட விதி. பி.எஃப். ஸ்கின்னர் அதை இன்னும் விரித்து, எந்தச் செயலுக்கு எப்ப பரிசு கொடுத்தால் என்ன நடக்கும் எண்டு எலிகளிலும் புறாக்களிலும் வருசக்கணக்காகப் பார்த்தார்.

இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது ஸ்கின்னருக்கு ஒரு விசித்திரமான வேலை கிடைத்தது. குண்டுகளை இலக்குக்கு வழிநடத்தப் புறாக்களைப் பழக்கும் திட்டம் அது. மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவுக் கொம்பனியின் கட்டிடத்தில் அந்த ஆய்வு நடந்தது. போரில் அந்தப் புறாக்கள் பயன்படவே இல்லை. ஆனால் அங்க 1943இல் வேற ஒரு விசயம் நடந்தது. இயந்திரம் இல்லாமல் கையாலேயே தீன் கொடுத்து, ஒரு புறாவுக்குச் சின்ன மரப்பந்தை அலகால் தள்ளிவிடப் பழக்கப் பார்த்தார்கள். முழுதாகத் தள்ளும்வரை காத்திருக்கவில்லை. பந்தைப் பார்த்தால் தீன், கிட்டப் போனால் தீன், அலகால் தொட்டால் தீன். கொஞ்ச நேரத்தில் புறா பந்தை அடித்து விளையாடத் தொடங்கிவிட்டது.

அந்தத் திட்டத்தில் வேலை செய்த மாணவர்கள் கெலர் பிரிலண்டும் அவருடைய மனைவி மரியன் பிரிலண்டும். இரண்டுபேரும் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, மிருகங்களைப் பழக்குவதையே தொழிலாக்கினார்கள். சமைத்துச் சாப்பிட்டு வீடு கூட்டுற மாதிரி நடிக்கும் பன்றி, பேஸ்போல் ஆடும் கோழி, காசைப் போட்டால் முத்தம் கொடுக்கும் முயல் எண்டு சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் காட்டினார்கள். 1955இல் ஆர்கன்சோ மாநிலத்தின் ஹொட் ஸ்பிரிங்ஸ் நகரில் அதுக்கெண்டே ஒரு காட்சியகம் திறந்தார்கள். அவர்கள் பழக்கிய மிருக இனங்கள் 140க்கும் மேலே.

"டிக்" சத்தமும் இவர்கள் வழியாக வந்ததுதான். மிருகம் சரியானதைச் செய்யும் நொடிக்கும் தீன் வாய்க்குள் போகும் நொடிக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில் மிருகம் வேற எதையாவது செய்துவிடும். பிறகு எதுக்குத் தீன் கிடைத்தது எண்டு அதுக்கு விளங்காது. ஒரு சின்னச் சத்தத்தைத் தீனோடு சேர்த்துப் பழக்கிவிட்டால், அந்தச் சத்தமே "இதுதான், இப்ப செய்தாயே, அதுதான்" எண்டு சொல்லிவிடும். பிரிலண்ட் தம்பதி இதைப் பாலம் எண்ட அர்த்தத்தில் பெயரிட்டு அழைத்தார்கள். 1951 டிசம்பரில் ஸ்கின்னர் சயன்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகையில், சின்னப் பிள்ளைகள் விளையாடும் கிளிக் பொம்மையை வைத்து வீட்டு நாயைப் பழக்குவது எப்படி எண்டு விளக்கமாகவே எழுதினார்.

ஆக 1951இல் எல்லாம் தயார். பிரிலண்ட் தம்பதி நாய் பழக்குபவர்களிடமும் தங்கட முறையைக் கொண்டுபோனார்கள். வரவேற்பு கிடைக்கவில்லை. நாயை மனிதர் ஆயிரக்கணக்கான வருசமாகப் பழக்குகிறார்கள், இந்தப் படிச்ச ஆக்கள் வந்து என்னத்தைச் சொல்லித் தரப்போகினம் எண்ட மனநிலை.

ஓநாய்க் கூட்டத்தின் தலைவர்

பழைய முறை நிலைத்து நின்றதுக்கு ஒரு காரணம் மிக எளிமையானது. அடித்தவுடன் நாய் அந்த நேரத்துக்கு நிறுத்திவிடும். அதாவது அடி விழுந்தது நாய்க்கு, உடனடிப் பரிசு கிடைத்தது அடித்தவருக்கு. தோர்ண்டைக்கின் விதி மனிதருக்கும் பொருந்தும்தானே. பரிசு கிடைத்த செயலை அவர் திரும்பச் செய்வார். நாளைக்கு அதே நாய் அவர் இல்லாத நேரம் அதே வேலையைச் செய்யும், அல்லது அவர் கையைத் தூக்கினாலே பதுங்கும். அந்த விளைவு பிந்தித்தான் வரும், அதை யாரும் அந்த அடியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் ஒரு கோட்பாடு. 1947இல் ருடொல்ப் ஷெங்கல் எண்ட சுவிஸ் ஆய்வாளர், பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவை அடிபட்டுச் சண்டைபிடித்துத் தங்களுக்குள் மேல் கீழ் எண்டு ஒரு வரிசையை உண்டாக்கின. இதில் இருந்துதான் "அல்பா", அதாவது கூட்டத்தின் தலைமை ஓநாய் எண்ட சொல் பரவியது. 1970இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் பற்றிய பிரபலமான புத்தகம் அதை இன்னும் பரப்பியது. பிறகு நாய் பழக்குபவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாய் ஓநாயின் வழி வந்தது, ஆகவே நாயும் வீட்டில் தலைவராகப் பார்க்கும், நீங்கள்தான் அல்பா எண்டு அதுக்குக் காட்டவேண்டும். நியூயோர்க் மாநிலத்தில் நாய் வளர்க்கும் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் எழுதிய புத்தகம், நாயை மல்லாத்திப் பிடித்து அமத்தும் முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

இதில் இருந்த பிழை பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஷெங்கல் பார்த்தவை ஒரு குடும்பத்து ஓநாய்கள் இல்லை. வேலி போட்ட ஒரு சின்ன இடத்துக்குள் மனிதர் சேர்த்து வைத்தவை. ஒரு நெருக்கமான முகாமில் முன்பின் தெரியாத ஆக்களைப் பூட்டிவைத்துவிட்டு, மனிதக் குடும்பம் இப்படித்தான் வாழும் எண்டு எழுதுவது போல. மெக் 1986இல் இருந்து கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கிட்ட இருந்து பார்த்தார். அங்க கூட்டம் எண்டால் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். சண்டையில் வென்று தலைவரானவர் எண்டு யாரும் இல்லை, பெற்றோர்தான் இருந்தார்கள். 1999இல் அவரே ஒரு கட்டுரை எழுதி, காட்டு ஓநாய்களுக்கு "அல்பா" எண்ட சொல் பெரும்பாலும் பொருந்தாது எண்டு சொன்னார். துறவிகளும் 2002இல் வந்த திருத்திய பதிப்பில் மல்லாத்தி அமத்தும் முறையைக் கைவிட்டார்கள். ஆனால் தொலைக்காட்சி அந்தக் கதையை விடவில்லை. 2004இல் தொடங்கிய சீசர் மிலானின் நிகழ்ச்சி "கூட்டத்தின் தலைவர்" எண்ட எண்ணத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இண்டைக்கும் எங்கட பெடியள் "நான்தான் அல்பா" எண்டு கதைக்கிறதுக்கு மூலம், அந்த மிருகக்காட்சிசாலை ஓநாய்கள்.

கடல் வழியாக வந்த பாடம்

பிரிலண்ட் முறையை முதலில் முழுமனதோடு ஏற்றுக்கொண்டவர்கள் டொல்பின் பழக்குபவர்கள். காரணம் விளங்கக் கஷ்டமில்லை. டொல்பினின் கழுத்தில் சங்கிலி போட ஏலாது. பிரம்பால் அடிக்கவும் ஏலாது. பிடிக்காவிட்டால் அது தடாகத்தின் மற்றப் பக்கம் நீந்திப் போய்விடும். அதைக் கிட்ட வரவைக்க உங்களிடம் இருப்பது ஒரு வாளி மீனும் ஒரு விசிலும் மட்டும்தான்.

1963இல் ஹவாயின் சீ லைஃப் பார்க்கில் டொல்பின்களைப் பழக்கும் பொறுப்பு கரன் பிரையர் எண்ட இளம் பெண்ணுக்கு வந்தது. ஸ்கின்னரின் விதிகளை விசிலும் மீனுமாக அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அங்க கற்றதை வைத்து 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு நாயைச் சுடவேண்டாம் எண்டு சொன்னாலும், உள்ளுக்க இருந்தது நாயைப் பற்றி மட்டும் இல்லை. பிள்ளைகள், கணவன் மனைவி, கூட வேலை செய்யிற ஆக்கள், பூனை எண்டு எல்லாரோடும் தண்டனை இல்லாமல் எப்படிப் பழகுவது என்பதுதான். ஆனால் நாய் வைத்திருந்தவர்கள் அதைத் தேடி வாசித்தார்கள். 1992இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டையொட்டி, பிரையரும் நாய்ப் பயிற்சியாளர் கேரி வில்க்ஸும் கிளிக்கரை நாய்ப் பயிற்சியாளர்களுக்குக் காட்டினார்கள். அங்க இருந்துதான் கிளிக்கர் அலையாகப் பரவியது.

மரியனும், கெலர் 1965இல் இறந்த பிறகு அவர் மணம் செய்துகொண்ட பொப் பெய்லியும், 1990களில் நாய்ப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். வகுப்பில் நாய்க்குப் பதில் கோழியைக் கொடுத்தார்கள். நாய் உங்கட பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், கோழி பொறுக்காது. பலவந்தம் செய்தால் மேசையை விட்டுப் பறந்துவிடும். சங்கிலியை நம்பிப் பழகிய கைக்கு, சங்கிலி இல்லாமல் கற்பிக்கப் பழக்கியது கோழி.

குட்டிகளின் வகுப்பு

மற்றப் பெரிய மாற்றம் வயதில் வந்தது. பழைய முறையில் நாய்க்கு ஆறு மாதம் ஆகும்வரை பயிற்சி தொடங்கமாட்டார்கள். குட்டியின் கழுத்து அந்த இழுப்பைத் தாங்காது. ஆனால் 1965இல் ஜோன் போல் ஸ்கொட்டும் ஜோன் ஃபுலரும் வெளியிட்ட நீண்டகால ஆய்வு வேற ஒன்றைச் சொன்னது. ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி உலகத்தோடு பழகும் முக்கிய காலம். அந்தக் காலத்தில் காணாத மனிதரையும் சத்தத்தையும் மற்ற நாய்களையும் அது பிறகு பயத்தோடுதான் பார்க்கும். கழுத்துக்காக ஆறு மாதம் காத்திருந்தவர்கள், அந்தக் கதவு பூட்டின பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள்.

பிரித்தானியாவில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய மிருக வைத்தியர் இயன் டன்பார், 1980களின் தொடக்கத்தில் குட்டிகளுக்கெண்டே சங்கிலி இல்லாத வகுப்புகளைத் தொடங்கினார். கையில் தீனைக் காட்டிக் குட்டியை இருக்கவைப்பது, ஒரு ஆளிடம் இருந்து இன்னொரு ஆளிடம் கூப்பிடுவது, குட்டிகளை ஒன்றோடு ஒன்று விளையாட விட்டு நடுவில் கூப்பிட்டுத் திரும்பவும் விளையாட விடுவது. 1993இல் வீட்டு நாய்ப் பயிற்சியாளர்களுக்கு அவர் ஒரு சங்கத்தையும் தொடங்கினார்.

இண்டைக்கு இந்த நாடுகளில் இரண்டு வகை வகுப்பு இருக்கு, எங்கட ரியூசன் மாதிரியே: குறூப் கிளாஸ், தனி கிளாஸ். குறூப் கிளாஸ் குட்டிகளுக்கும் பயமில்லாத நாய்களுக்கும் நல்லது, மற்ற நாய்களும் ஆக்களும் இருக்கிற இடத்தில் சொல்வழி கேட்க அது பழக்கும். கடிக்கிற நாய், பயந்த நாய், தனிய விட்டால் கத்துகிற நாய் எண்டால் தனி கிளாஸ். அதில் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, நாய் எங்க படுக்குது, எப்ப கட்டப்படுது, யார் வந்தால் குரைக்குது எண்டு பார்ப்பார். இரண்டிலும் உண்மையான மாணவர் சொந்தக்காரர்தான்.

அளந்து பார்த்தது என்ன

இதை வெறும் இரக்கம் எண்டு சொல்ல ஏலாத அளவுக்கு இப்ப ஆதாரம் சேர்ந்திருக்கு. 2009இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரனும் கூட்டாளிகளும், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கொண்டுவந்த 140 சொந்தக்காரரிடம் கேட்டார்கள். நாயை அடித்த அல்லது உதைத்த ஆக்களில் 43 சதவீதம்பேர், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது எண்டு சொன்னார்கள். மல்லாத்தி அமத்தியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 31 சதவீதம். 2020இல் போர்த்துக்கல்லில் 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், தண்டனை முறைப் பள்ளிகளின் நாய்கள் கூடப் பதற்றம் காட்டின, பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்த ஹோர்மோனும் கூட இருந்தது. வேல்ஸ் நாடு 2010இலேயே மின்சார அதிர்ச்சிப் பட்டியைத் தடைசெய்துவிட்டது.

பரிசு முறை மந்திரமும் இல்லை. அதை முதலில் சொன்னவர்களே பிரிலண்ட் தம்பதிதான். 1961இல் எழுதிய கட்டுரையில் தங்கட தோல்விகளை வரிசையாகச் சொன்னார்கள். உண்டியலில் காசு போடப் பழக்கிய ரக்கூன், போடாமல் இரண்டு காசையும் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பன்றி காசைக் கொண்டுபோகாமல் மூக்கால் கிண்டிக் கிண்டி எறிந்தது. ஒவ்வொரு மிருகமும் தன் இயல்போடுதான் வகுப்புக்கு வருகிறது. மோப்பம் பிடிக்கவும் தோண்டவும் குரைக்கவும் பிறந்த நாயிடம் அதையெல்லாம் துடைத்து எடுக்க எந்த முறையாலும் ஏலாது. இடம் மாற்றிக் கொடுக்கத்தான் முடியும். அதேமாதிரி, அடிக்காமல் பழக்குவது எண்டால் எல்லாத்தையும் விட்டுக்கொடுப்பது எண்டும் அர்த்தமில்லை. கேற்றைப் பூட்டுவது, செருப்பை எட்டாத இடத்தில் வைப்பது, பாய்ந்து பாய்ந்து வந்தால் திரும்பி நிற்பது, எல்லாம் இந்த முறைக்குள் இருக்கு.

எங்கட முற்றத்தில்

இந்தக் கதைக்கும் எங்களுக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கு. போர் முடிந்த பிறகு வடக்கில் கண்ணிவெடி தேடும் வேலையில் நாய்களும் இருந்தன. இப்படியான நாய்களின் பயிற்சி முழுக்க இதே கணக்குத்தான்: வெடிமருந்தின் மணத்தைக் கண்டால் இரு, இருந்தால் பந்து கிடைக்கும். மூக்குக்குள் என்ன நடக்குது எண்டு நாய்க்குத்தான் தெரியும். அடிக்குப் பயந்து அரைகுறையாக வேலை செய்யும் ஒரு நாயின் பின்னால் யாரும் அந்த நிலத்தில் கால்வைக்கமாட்டினம். உயிர் போகிற வேலைக்கே பந்தும் பாராட்டும் போதும் எண்டால், முற்றத்து நாய் இருக்கப் பழக அடி எதுக்கு?

பகல் முழுக்கக் கட்டிவைத்து, இரவில் அவிழ்த்துவிட்டு, றோட்டால் போறவரைப் பார்த்துக் குரைத்தால் சந்தோசப்பட்டு, வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக் குரைத்தால் அடிக்கிறம். எது சரி எண்டு அந்த நாய்க்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதைப் பழக்க கிளிக்கரும் வேண்டாம், கொழும்பில் இருந்து பயிற்சியாளரும் வேண்டாம். "ஓம்" எண்டு ஒரு குறுஞ்சொல், பட்டாணி அளவில் வெட்டின அவித்த கோழித் துண்டுகள், ஒரு நாளைக்கு ஐந்து நிமிசம். முதல்நாள் "ஓம்", ஒரு துண்டு, "ஓம்", ஒரு துண்டு, அவ்வளவுதான். அடுத்தநாள் துண்டை மூக்குக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கோ, நாய் பார்த்துக்கொண்டே இருக்கும், பின்பகுதி நிலத்தில் படும் அந்த நொடியில் "ஓம்". பிறகு பேரைக் கூப்பிட்டு வந்தால் "ஓம்". கூப்பிட்டு வந்த நாயை எந்தக் காரணத்துக்கும் ஏசக்கூடாது, ஏசினால் அடுத்தமுறை வராது. கடித்த நாய், விசர்நாய்க்கடி ஊசி போடாத நாய் எண்டால் முதலில் மிருக வைத்தியரிடம்.

நாற்பது வருசத் தாமதம் ஏன் எண்ட கேள்விக்குப் பதில், கையில் சங்கிலி இருந்த ஆக்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொள்ளும் தேவை வரவில்லை என்பதுதான். சங்கிலி போட முடியாத மிருகத்தோடு வேலை செய்தவர்கள்தான் அதைக் கற்றார்கள். இது நாய்க்கு மட்டுமான கதையா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது எண்டு எங்கட நாட்டின் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. பிரம்பு இன்னும் எத்தனை வகுப்பறையில் இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்.